ஆறரை மணிப் பஸ், ஏழரை மணிச் சாப்பாடு

மாலை ஐந்து மணிக்குப் பிறகு கண்டி நகரத்தைவிட்டு வெளியேறுவதே தனியொரு வேலை. மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஊர். வெளியே போகும் பாதைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பேராதனைப் பக்கம் போகும் வாகனங்கள் கெட்டம்பேயில் தேங்கும். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகிறவை மகாவலிப் பாலத்துக்கு முன்பே வரிசை கட்டிவிடும். அரசாங்க அலுவலகங்கள் நாலேகாலுக்கு முடிகின்றன. தலதா வீதிக் கடைகளில் நிற்கும் பெண்கள் அதற்கும் பிந்தித்தான் இறங்குகிறார்கள். பல்லேகலத் தொழிற்சாலைகளில் இருந்து வருகிறவர்கள், பேராதனைப் போதனா வைத்தியசாலையில் பகல் முறை முடித்த தாதியர், பிள்ளையை டியூஷனில் இருந்து கூட்டிக்கொண்டு வரும் தாய்மார் என்று எல்லோரும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் மற்ற நிறுத்தங்களிலும் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் அது. கம்பளைக்கோ கலஹாவுக்கோ வத்துகாமத்துக்கோ போய்ச் சேர ஆறரை, ஏழு ஆகிவிடும். செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கேட்பார்கள்: "ராவைக்கு என்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இன்றும் பெரும்பாலான வீடுகளில் ஒருவர் தலையில்தான். அவரும் காலை நாலரைக்கு எழுந்தவர். மத்தியானச் சாப்பாட்டையும் விடிவதற்கு முன்பே சமைத்து, சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும் ஒரு சுண்டலுமாகப் பெட்டிகளில் கட்டிக் கொடுத்தவர். அதே அளவு சாப்பாட்டை இரவிலும் எதிர்பார்ப்பது, வீட்டில் நாலு பெண்கள் இருந்து நாள் முழுக்கக் குசினியில் நின்ற காலத்தின் பழக்கம். ஆட்கள் குறைந்துவிட்டார்கள், எதிர்பார்ப்பு மட்டும் குறையவில்லை.

ஆனால் கண்டியின் வீடுகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வெகுநாளாகிறது. இரவில் ஒன்றை வாங்குவது, ஒன்றைச் சமைப்பது, ஒன்றைப் பச்சையாகச் சேர்ப்பது. இடியப்பம் வாங்கினால் சொதி வைப்பார்கள். பாண் வாங்கினால் பருப்பு. ரொட்டி வீட்டிலே சுட்டால் கறியே வேண்டாம், கட்டைச் சம்பல் போதும். இப்படிச் சாப்பிடுகிறவர்கள் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். "இன்றைக்குச் சமைக்கவில்லை, இடியப்பம் வாங்கினோம்" என்று குற்றம் செய்தவர்களைப் போலச் சொல்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். இருபத்தைந்து நிமிடம் நின்று சொதியும் சம்பலும் செய்தது சமையலில் சேர்த்தி இல்லையா? இது முழுமையான, கௌரவமான இரவுச் சாப்பாடு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த மலைநாட்டில் எளிய சாப்பாடு புதிதுமல்ல. 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டுப் பத்தொன்பது வருடம் இங்கே சிறைக் கைதியாக வாழ்ந்தவர் ரொபர்ட் நொக்ஸ். கைதி என்றாலும் கூண்டில் அடைக்கவில்லை, ஊருக்குள் வாழவிட்டார்கள். கண்டிக்கு அருகே எலதெத்தவில் நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தவர் 1679 இல் தப்பிப்போனார். 1681 இல் லண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. இந்த மக்களுக்குச் சோறும் உப்பும் இருந்தால் வயிற்றுப்பாட்டுக்குக் குறையில்லை என்றும், கொஞ்சம் பச்சை இலையும் தேசிக்காய்ச் சாறும் மிளகும் உப்பும் சேர்ந்தால் மனநிறைவாகச் சாப்பிட்டுவிடுவார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறார். இலை, தேசிக்காய், மிளகு, உப்பு. இன்றைக்கும் வல்லாரையையோ பொன்னாங்கண்ணியையோ மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, தேசிக்காய் பிழிந்து வைத்தால் அதே சாப்பாடுதான். அடுப்பே தேவையில்லை. இதற்கான நேரத்தில் பெரும்பகுதி கீரையைக் கழுவுவதற்குப் போகிறது. அதை மட்டும் அவசரப்படாமல் இரண்டு மூன்று தண்ணீரில் செய்ய வேண்டும்.

இனி இடியப்பத்துக்கு வருவோம், ஏனென்றால் கண்டியில் இரவைக் காப்பாற்றுவது அதுதான். சந்திக்குச் சந்தி மாலையில் சூடான இடியப்பம் கிடைக்கிறது. சில இடங்களில் கடை, சில இடங்களில் ஒரு வீட்டின் முன்வாசல். வெள்ளையும் சிவப்பும் இருக்கும். சிவப்பரிசி மாவில் பிழிந்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெள்ளை பல இடங்களில் அவித்த கோதுமை மாவில் செய்வது. இடியப்பம் பிழிவது கை நோகிற வேலை. மாவை வறுத்து அல்லது அவித்து, அரித்து, கொதிநீரில் குழைத்து, உரலை அழுத்தி, தட்டுத் தட்டாக அவித்து எடுக்க வேண்டும். களைத்து வந்தவரால் முடியாத அந்த வேலையை இன்னொரு பெண் தன் வருமானத்துக்காகச் செய்து தருகிறார். நமக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரம் அவருடைய உழைப்பு. அதனால் அவரிடம் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இடியப்பத்துக்கு முட்டைச் சொதி. பம்பாய் வெங்காயம் ஒன்றை மெல்லிசாக அரியுங்கள். இரண்டு மூன்று பச்சைக் கொச்சிக்காயைக் கீறிப் போடுங்கள். கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், சிட்டிகை மஞ்சள். இவற்றை இரண்டு கோப்பைத் தண்ணிப்பாலில், அதாவது தேங்காயின் இரண்டாம் பாலில், போட்டு அடுப்பில் வைத்துவிட்டு முகம் கழுவி உடுப்பு மாற்றி வரலாம். வெங்காயம் வெந்து வெந்தயம் மணக்கும்போது தீயைக் குறைத்து, ஆளுக்கு ஒரு முட்டையாக உடைத்து மெதுவாக இறக்குங்கள். கரண்டி போடக் கூடாது. நாலைந்து நிமிடத்தில் வெள்ளை இறுகும். பிறகு அரைக் கோப்பைத் தடிப்பால் ஊற்றி, பாத்திரத்தைக் கையால் சுழற்றி, ஒரு கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோகும். உப்பு, கடைசியில் தேசிப்புளி. அதுவும் அடுப்பை அணைத்த பிறகுதான். இரண்டாம் பால் கொதிக்கிற பத்து நிமிடத்தில் சம்பல் இடித்துவிடலாம். உரல் இல்லாவிட்டால் கையாலே பிசையுங்கள், கொஞ்சம் மாசி சேருங்கள்.

தேங்காய் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது மலைநாட்டுக் குசினிகள் பட்ட பாடு சொல்லிமுடியாது. அப்போது பல வீடுகள் கைக்கொண்ட சிக்கனம் இப்போதும் கைகொடுக்கும்: ஒரு மூடித் தேங்காயில் பால் பிழிந்துவிட்டு, அந்தச் சக்கையை எறியாமல் அடுத்த நாள் ரொட்டி மாவில் சேர்ப்பது. ரொட்டி மிருதுவாக வரும். ஞாயிறு ஓய்வாக இருந்தால் இரண்டு தேங்காயைத் துருவி, ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி உறைபெட்டியில் வைத்துவிடலாம். வேலை நாளில் துருவலையின் முன்னால் உட்காருவது மிச்சம். தேங்காய்ப்பால் மாவில் சொதி வைப்பதும் தவறில்லை. சம்பலுக்கு மட்டும் அது உதவாது.

பாண் கதை சுருக்கமானது. பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' இசையைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் முச்சக்கரவண்டி மலைப் பாதைகளில் எல்லாம் ஏறி வருகிறது. அதில் ஒரு றாத்தல் பாண் வாங்கியாயிற்று என்றால் மிச்சம் பருப்பு. மைசூர்ப் பருப்பு என்று நாம் சொல்லும் சிவப்புப் பருப்பு இன்று பெரும்பாலும் கனடாவில் இருந்தும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் கப்பலில் வருவது. தோல் நீக்கி உடைத்த பருப்பு என்பதால் ஊறவைக்காமலே வேகும். ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கோப்பைத் தண்ணீர், மஞ்சள், இரண்டு பல் பூண்டு, வெங்காயம், கீறிய கொச்சிக்காய். பதினைந்து நிமிடத்தில் மசியும். தடிப்பால் விட்டு இறக்கி, கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. இதில் ஒரு பிடி கீரையை அரிந்து கடைசி மூன்று நிமிடத்தில் சேர்த்தால் தனியாகச் சுண்டல் செய்யும் வேலையும் போய்விடும். முருங்கை இலையானால் இன்னும் இரண்டு நிமிடம் கூடக் கொடுக்க வேண்டும்.

கடலில் இருந்து தூரமாக இருப்பதால் கண்டிக்காரருக்கு மீன் என்றால் பாதி நாள் கருவாடும் நெத்தலியும் டின் மீனும்தான். 425 கிராம் டின் ஒன்று நாலு பேருக்குப் போதும். அந்த மீன் டின்னுக்குள்ளேயே வெந்தது, முள்ளும் மசிந்துவிட்டது. நாம் வேகவைக்க வேண்டியது குழம்பை மட்டுமே. வெங்காயம், தக்காளி, பூண்டு, வறுத்த கறித்தூள், தாராளமாக மிளகு. எண்ணெயில் தக்காளி கரைந்த பிறகு மீனைத் துண்டு உடையாமல் வைத்து, மேலே குழம்பை அள்ளி ஊற்றி, மூடி ஐந்து நிமிடம். கிளறினால் கூழாகிவிடும். முள்ளைப் பொறுக்கி எறியும் பழக்கத்தை விடலாம், பிள்ளைகளுக்குக் கல்சியம் அதில்தான் இருக்கிறது.

ரொட்டியைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களில் ரொட்டி அவசரச் சாப்பாடு மட்டுமல்ல, பல வீடுகளில் அதுவே அன்றாடச் சாப்பாடு. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் தெல்தோட்டைக்குப் பக்கத்தில்தான். அந்த மலைகளில் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து, விறகோடு லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கும் ஆறரை மணிக்கு அதே கேள்வி காத்திருக்கிறது. அவரிடம் நேரமும் இல்லை, கடையில் வாங்கக் காசும் இல்லை. கோதுமை மா, உப்பு, கொஞ்சம் தேங்காய், சூடான கல். ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் பிளேன்டீயும் பசியை அடக்கும், உடம்பை வளர்க்காது. 2016 ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். இதற்கு வறுமை, தாயின் ஆரோக்கியம், குடிநீர், கழிப்பிடம் என்று பல காரணங்கள் உண்டு. இரவு ரொட்டியை மாற்றினால் இந்த எண் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. நியாயமான கூலி கிடைக்காமல் இது தீராது. ஆனாலும் அதே ரொட்டிக்குள் வைக்கக்கூடியவை உண்டு. பிசையும்போது ஒரு பிடி முருங்கை இலை. கூடவே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிச் சுடுவது. பக்கத்தில் சம்பலோடு பருப்பும் ஒரு கரண்டி. லயத்தின் பின்னால் ஒரு முருங்கைக் கம்பு ஊன்ற இடம் இருந்தால் கீரைக்குக் காசு தேவையில்லை.

ரொட்டி சுடத் தெரிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாவைப் பிசைந்தவுடன் தட்டாமல் ஈரத்துணி போட்டுப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், உப்பு, மாசி, தேசிப்புளி சேர்த்துக் கட்டைச் சம்பலை முடித்துவிடலாம். ஓய்ந்த மாவு இழுபடாமல் தட்டுப்படும், ரொட்டி ஆறினாலும் இறுகாது.

2021, 2022 ஆம் ஆண்டுகளை மறந்துவிட்டு இந்தக் குசினிகளைப் பற்றி எழுத முடியாது. 12.5 கிலோ லிற்றோ காஸ் சிலிண்டர் ஒன்றின் கொழும்பு விலை 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாவில் இருந்து 2,750 ஆனது. 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டரோடு விடிய விடிய வரிசையில் நின்றோம். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. ஏ முதல் டபிள்யூ வரை பிரித்திருந்த வலயங்களில் நம்முடையது எது என்று பார்த்துத்தான் ரைஸ் குக்கரில் அரிசி போட்டோம். வீட்டுக்குப் பின்னால் பழைய விறகடுப்பு இருந்தவர்கள் தப்பினார்கள். மாடி வீட்டு வாடகைக்காரர்கள் என்ன செய்வார்கள்?

அந்த வருடம் கற்றதில் சிலதை நல்ல காலத்திலும் விடக் கூடாது. அரிசியையும் பருப்பையும் முன்கூட்டியே ஊறவைத்தால் அடுப்பு நேரம் குறையும். நாட்டரிசி புழுங்கல் என்பதால் வேக நேரம் எடுக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது கழுவி ஊறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம். முக்கால் வாசி வெந்ததும் தீயை அணைத்து, மூடியை இறுக்கி, துணியால் சுற்றி வைத்தால் மிச்சம் தானாக வேகும். கறியின் அடித்தளமான வதக்கிய வெங்காயம், பூண்டு, இஞ்சி, கறித்தூள் ஆகியவற்றை ஞாயிறன்று மொத்தமாகச் செய்து போத்தலில் வைத்தால் வெள்ளி வரை வரும். தேங்காய்ப்பாலை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது. பால் சேர்த்த கறி சீக்கிரம் புளிக்கும். பாலை அன்றன்றைக்கு விட வேண்டும். மிஞ்சிய சோற்றையும் அடுப்படியிலேயே விட்டு வைக்காதீர்கள். சூடு தணிந்ததும் பெட்டிக்குள் போக வேண்டும். வெளியே கிடந்த சோற்றை மறுபடி சூடாக்குவதால் எல்லாக் கிருமியின் நஞ்சும் போய்விடாது.

கண்டிக்கே உரிய செல்வம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் குறை. இங்கத்தைய வீட்டுத் தோட்டங்கள் உலகத்து விவசாய ஆய்வாளர்கள் தேடி வந்து படிப்பவை. ஒரே காணியில் பலா, ஈரப்பலா, தென்னை, கமுகு, மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் அடுக்கடுக்காக நிற்கும். பலாக்காயை மக்கள் சோற்றுக்குப் பதிலாக வயிறு நிறையச் சாப்பிடுவதை நொக்ஸும் எழுதியிருக்கிறார். சிங்கள அயலவர்கள் அதைச் சோற்று மரம் என்றே சொல்வார்கள். முற்றிய பலாச்சுளையை உப்பு, மஞ்சளோடு அவித்து, தேங்காய்ப்பூ தூவி, கட்டைச் சம்பலோடு சாப்பிட்டால் வேறு கறி தேவைப்படாது. அவிய இருபது நிமிடம். தொல்லை எல்லாம் பலாப்பிசினில்தான்; கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசாமல் தொட முடியாது. அந்த வேலையையும் இப்போது வேறொருவர் செய்து தருகிறார். சந்தையிலும் பஸ் நிற்குமிடங்களிலும் சுத்தம் செய்த பலாச்சுளையும், கொத்திய பிஞ்சுப் பலாவும், அரிந்த கீரையும் பைகளில் விற்கிறார்கள். பிஞ்சுப் பலாக் கறி மட்டும் அவசர நாளுக்குச் சரிவராது. அது ஞாயிற்றுக்கிழமைச் சட்டிக்கு உரியது. மெல்லிய தீயில் மணிக்கணக்காகக் கிடக்க வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கும் இருபத்தைந்து நிமிடச் சாப்பாடுதான். ஆனால் வயதானவர்கள் உள்ள வீட்டில் அதைப் பரிமாறுவதற்கு முன் யோசிப்பேன். 1973, 1974 பஞ்சத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் கிழங்கையும் இலையையும் தின்று உயிர் பிழைத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பிழைக்காமல் போனவர்களும் பலர். அவர்களுக்கு அந்த மணம் வேறொன்றை நினைவூட்டும். அவிப்பதானால் தோலை முழுதும் உரித்து, மூடாமல் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இயல்பாக இருக்கும் நச்சுப் பொருள் அப்படித்தான் போகும். அன்றைக்கு இஞ்சி சேர்க்கக் கூடாது என்பது பெரியவர்களின் கட்டளை. அதை மீறவும் அவசியமில்லை.

தோசைமா அரைத்து வைக்கும் வீடுகளுக்கு ஒரு சிறு குறிப்பு. கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் மா பொங்க மறுக்கும். நுவரெலியாவின் 1,868 மீற்றரில் இன்னும் மோசம். மாப்பாத்திரத்தைச் சோறு வடித்த அடுப்பங்கரையில், போர்த்தி வைத்தால் காலைக்குள் எழும். ஞாயிறு அரைத்தது புதன் வரை தோசை. கொஞ்சம் புளித்துப்போனால் வெங்காயமும் கொச்சிக்காயும் போட்டு ஊத்தப்பமாக முடித்துவிடலாம்.

கொத்து பற்றிக் கேட்பார்கள். கடைக் கொத்து மாதத்தில் ஒரு நாள் சந்தோஷத்துக்கு நல்லது. வாரம் மூன்று நாள் ஆனால் எண்ணெயும் செலவும் கூடும். வீட்டில் மிஞ்சிய ரொட்டியையோ முதல்நாள் இடியப்பத்தையோ பிய்த்து, லீக்ஸ், கரட், கோவா அரிந்து பெருந்தீயில் பிரட்டி, இரண்டு முட்டை உடைத்து, மிஞ்சிய இறைச்சிக் குழம்பு இருந்தால் இரண்டு கரண்டி ஊற்றினால் பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகள் தட்டை வழித்துவிடுவார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது: ஏன் அந்த ஒருவர் மட்டும்? டியூஷன் விட்டு வந்த பதினைந்து வயதுப் பையனால் தேங்காய் துருவ முடியும். கணவரால் இறங்குகிற இடத்தில் இடியப்பம் வாங்கி, வந்தவுடன் பருப்பைக் கழுவி அடுப்பில் வைக்க முடியும். முதலில் வீட்டுக்கு வருகிறவர் தண்ணீரைக் கொதிக்கவைப்பது என்று ஒரு ஒழுங்கை வீட்டில் வைத்தாலே அரைமணி மிச்சமாகும். அது அம்மாவுக்கு "உதவி" செய்வதல்ல. அந்தச் சாப்பாட்டை அவர்களும்தானே சாப்பிடுகிறார்கள்?

வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியதும் உண்டு. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல பொஜுன்' உணவகம் இருக்கிறது. பெண்களே சமைத்துப் பெண்களே விற்று, வருமானத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி, சிவப்பரிசி இடியப்பம் என்று கண்முன்னே செய்து தருகிறார்கள். வடக்கில் இதே முறையில் 'அம்மாச்சி' உணவகங்கள் நடந்து நல்ல பெயர் எடுத்திருக்கின்றன. கண்டி குட்செட்டின் புதிய பஸ் முனையத்துக்குள் அப்படியொரு இடத்தை மாநகர சபை ஒதுக்க வேண்டும். கம்பளை பஸ்ஸிலும் புசல்லாவை பஸ்ஸிலும் ஏறுமுன் ஒரு பெண் சிவப்பரிசி இடியப்பமும் அரிந்த வல்லாரையும் நியாய விலையில் வாங்கிக்கொண்டு போக முடிய வேண்டும். அதை விற்கும் இடங்களில் ஒரு பங்கு தோட்டப்புறத்துப் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும். கடைசி பஸ் புறப்படும்வரை அது திறந்திருக்கவும் வேண்டும்.